எந்த சைஸ் வண்டி வேணும்? அதுக்கு முன்னாடி இடிபாட்டை அளந்து பாருங்க

வீட்டு ரிப்பேருக்கு பட்ஜெட் போடுறது எப்படின்னு நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தேன், பார்த்திருப்பீங்க. சிமென்ட், மணல், டைல்ஸ், பிளம்பிங், வயரிங், பெயின்ட், கூலி, எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம்னு வரிசையா சொல்லிக்கிட்டே போனேன். ஒண்ணை மட்டும் சுத்தமா விட்டுட்டேன். இத்தனைக்கும் அந்த ஒண்ணுலதான் நானே கையைச் சுட்டுக்கிட்டவன். உடைச்சு எடுத்ததை வெளியே கொண்டு போய்ப் போடுற செலவு.

ரிப்பேர் வேலைன்னா புதுசா என்ன வைக்கப் போறோம்கிறதுலதான் நம்ம மண்டை ஓடும். எந்த டைல்ஸ், எந்தக் குழாய், பெயின்ட் என்ன கலர்னு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் போனைத் தேய்ப்போம். பழசு எங்க போகும், யார் தூக்குவா, எவ்வளவு கனக்கும்? அதை யாரும் கேக்கறதில்ல. மேஸ்திரி கொடுக்குற எஸ்டிமேட்ல கடைசி வரியில "டெப்ரிஸ் தனி"ன்னு சின்னதா எழுதியிருக்கும். அந்த வரிக்குப் பக்கத்துல தொகை இருக்காது. நம்மளும் அதைப் பெருசா எடுத்துக்காம சரின்னு தலையாட்டிடுவோம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். "டவுட்டா இருந்தா ஒரு சைஸ் பெரிய வண்டியாவே எடுத்துரு, ஒரே நடையில முடிஞ்சிரும்"னு எல்லாரும் சொல்ற புத்திமதி, நம்ம ஊர்த் தெருக்களுக்குத் தப்பு. அதைக் கேட்டுத்தான் நான் பணத்தை விட்டேன்.

அந்தப் புத்திமதி எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. அமெரிக்க வீடு ரிப்பேர் வீடியோ பார்க்குறவங்களுக்குத் தெரியும், வீட்டு முன்னாடி ஒரு பெரிய இரும்புத் தொட்டியை இறக்கி வச்சிருப்பாங்க. டம்ப்ஸ்டர்னு பேரு. துபாய்ல இருக்குற எங்க ஊர்க்காரங்க அதையே ஸ்கிப்னு சொல்வாங்க. 10 யார்டு, 20 யார்டு, 30, 40னு சைஸ் வாரியா வாடகைக்குக் கிடைக்கும். யார்டுங்கறது அங்க கன கெஜம். ஒரு கன கெஜம் 27 கன அடி. அப்போ 10 யார்டு தொட்டி 270 கன அடி. நம்ம ஊர்ல மணல், ஜல்லி வாங்குற கணக்குல 100 கன அடி ஒரு யூனிட், அதனால 2.7 யூனிட். அந்தத் தொட்டி ஒரு வாரம் வாசல்லயே நிக்கும். வீட்டுக்காரரே சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து கொஞ்சம் கொஞ்சமா போட்டுக்குவார். பத்தாம போனா ரெண்டாவது தொட்டிக்கு மறுபடியும் முழு வாடகை. அதனால அங்க ஒரு சைஸ் கூடுதலா எடுக்குறது புத்திசாலித்தனம்தான்.

இங்க நம்ம தொட்டியை வாடகைக்கு எடுக்கலையே. நடையையும் சுமக்குற கூலியையும் வாங்கறோம். கணக்கே வேற.

சரி, எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். எனக்கு சொந்த ஊர் காயல்பட்டினம். எங்க ஊர் வழக்கத்துல வீடு பொண்ணுக்குத்தான். கல்யாணமாகி மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வருவார். அதனால நான் பிறந்து வளர்ந்த வீடு இப்போ என் லாத்தா வீடு. லாத்தான்னா அக்கா. 2023 டிசம்பர் மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிசம்பர் 18 காலை 8.30 மணி வரைக்குமான 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல மட்டும் 95 சென்டிமீட்டர் பதிவாச்சு. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு முழு வருஷத்துக்குக் கிடைக்கிற சராசரி மழையை விட அது அதிகம். ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நடுவழியில நின்னு போன அந்த ராத்திரிதான்.

தண்ணி வடிஞ்சதும் வீட்டுல ரெண்டு வகைக் குப்பை இருந்துச்சு. இது முக்கியம், கொஞ்சம் கவனிங்க. முதல் வகை மெத்தை, ஊறிப் போன பிளைவுட் அலமாரி, சோபா, பாய், தலையணை. இதெல்லாம் இடத்தை அடைக்கும், சைஸுக்கு ஏத்த கனம் இருக்காது. இதுக்கு குட்டி யானையே போதும், ரெண்டு நடையில முடிஞ்சுது. ரெண்டாவது வகை அஞ்சு மாசம் கழிச்சு வந்துச்சு. மொட்டை மாடி ஒழுக ஆரம்பிச்சதுனால, மேல போட்டிருந்த தட்டோட்டையும் அதுக்குக் கீழே இருந்த செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளத்தையும் பெயர்த்துட்டு புதுசா போடணும்னு மேஸ்திரி சொல்லிட்டார். இது இடத்தை ரொம்ப அடைக்காது, ஆனா பயங்கரமா கனக்கும். எனக்கு அப்போ இந்த வித்தியாசம் தெரியாது. குட்டி யானைக்காரருக்கு போன் பண்ணேன், "தளம் பெயர்த்ததா? நம்ம வண்டி தாங்காதுங்க"ன்னு வச்சுட்டார். சோம்பேறித்தனத்துல சொல்றார்னு நினைச்சேன். பாவம், அவர் சரியாத்தான் சொல்லியிருக்கார்.

மாடி 600 சதுர அடி. பெயர்க்கிற கனம் 4 அங்குலம், அதாவது அடியில மூணுல ஒரு பங்கு. 600 × 0.33, சுமார் 200 கன அடி. 2 யூனிட். இவ்வளவுதானேன்னு, "டவுட்டா இருந்தா பெருசா எடு" சூத்திரப்படி 3 யூனிட் டிப்பர் ஒண்ணு பேசினேன். ஒரே நடை, 6,500 ரூபாய். சென்னையில இருந்து நாலு நாள் லீவு போட்டுட்டு வந்தவன், சீக்கிரம் முடியட்டும்னு ஆசை.

டிப்பர் வந்துச்சு. மெயின் ரோட்டுல நின்னுச்சு. அதுக்கு மேல ஒரு அடி நகரல. எங்க தெருவுல டிப்பர் நுழையலாம், ஆனா திரும்ப முடியாது, பின்னாலயே வரணும், நடுவுல ரெண்டு இடத்துல சன்ஷேட் இடிக்கும். டிரைவர் இறங்கி நடந்து பார்த்துட்டு வந்து கையை விரிச்சுட்டார். நான் டிப்பர் சைஸை யோசிச்சேன், தெரு சைஸை யோசிக்கல. அந்தத் தெருவுலயே பிறந்து வளர்ந்தவன் நான்.

அப்புறம் என்ன, சாக்குல அள்ளித் தலையில வச்சு வீட்டுல இருந்து மெயின் ரோடு வரைக்கும் தூக்க வேண்டியதாச்சு. 70 மீட்டர் இருக்கும். நாலு கையாள், ஆளுக்கு 900, ஒரு முழு நாள் கூடுதல் கூலி 3,600. டிப்பருக்கு ஹால்டிங் 2,000. பாதி ஏறினதும் டிரைவர் அடுத்த சவாரி இருக்குன்னு கிளம்பிட்டார். மிச்சம் சாக்கு எல்லாம் எங்க வைக்கிறது? தெருவுல வச்சா பைக் போகாது. கையாளுங்க எதார்த்தமா வீட்டுக்குப் பக்கத்து முடுக்குல அடுக்கிட்டாங்க.

காயல் வீடுகளைப் பார்த்தவங்களுக்கு முடுக்குன்னா தெரியும். வீடுகளுக்கு நடுவுல போற குறுகலான சந்து. பெண்கள் ஒரு வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்கு, ஒரு தெருவுல இருந்து அடுத்த தெருவுக்குப் போறதே அது வழியாத்தான். மஃரிபுக்கு அப்புறம் லாத்தா வந்து பார்த்தாங்க. "தம்பி, நீ ரெண்டு நாள்ல வண்டி ஏறிருவ. நாங்க இந்த மூட்டைய தாண்டியா நடக்கணும்?" அவ்வளவுதான் சொன்னாங்க. பக்கத்து வீட்டு வயசான உம்மா ஒருத்தங்க அந்த முடுக்கு வழியாத்தான் தினமும் மக வீட்டுக்குப் போவாங்க. அன்னைக்குப் போகல, மறுநாளும் போகல. அந்தக் கணக்கை நான் எந்த எக்செல் ஷீட்ல போடுறது?

மூணாவது நாள் ஒரு டிராக்டர் வந்து மிச்சத்தை ரெண்டு நடையில எடுத்துச்சு. நடைக்கு 1,800. மொத்தம் கூட்டிப் பாருங்க. டிப்பர் 6,500, ஹால்டிங் 2,000, சுமை கூலி 3,600, டிராக்டர் 3,600. ஆக 15,700 ரூபாய். முதல்லயே டிராக்டரை வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டிருந்தா மூணு நடை 5,400, ஏத்துறதுக்கு ரெண்டு ஆள் 1,800, ஆக 7,200. வித்தியாசம் 8,500. உங்க ஊர்ல ரேட் வேற இருக்கும், ஆனா தலைச்சுமை வண்டி வாடகையை விழுங்குற கதை எல்லா ஊருக்கும் பொது.

அளக்குறது எப்படி

என் தப்பு ரெண்டு. ஒண்ணு தெரு. இன்னொண்ணு, 200 கன அடின்னு போட்டேனே, அது உடைக்கிறதுக்கு முன்னாடி இருந்த அளவு. உடைச்சா நடுவுல காத்து புகுந்து உப்பிடும். சுவரும் தளமும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும்னு வச்சுக்கோங்க. என் 200, உடைச்சதுக்கு அப்புறம் 300. ஆக 2 யூனிட் வேலை 3 யூனிட் ஆச்சு. தப்பித் தவறி டிப்பர் சைஸ் மட்டும் சரியா அமைஞ்சுது, அதுவும் குருட்டு அதிர்ஷ்டம்.

கனம் இன்னொரு கணக்கு. செங்கல் சுவர் ஒரு கன அடி சுமார் 54 கிலோ. கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன அடி சுமார் 70 கிலோ. 10 அடி நீளம், 10 அடி உயரம், 9 அங்குல கனத்துல ஒரே ஒரு சுவர், ஹாலைப் பெருசாக்கலாம்னு எல்லாரும் இடிக்கிறாங்களே அந்த மாதிரி, 75 கன அடி. அதாவது 4 டன். உடைச்சா ஒரு யூனிட்டுக்கு மேல. எங்க மாடித் தளம் கிட்டத்தட்ட 10 டன் இருந்திருக்கு. பத்து டன் எங்க தலைக்கு மேல இத்தனை வருஷமா உட்கார்ந்திருந்துச்சுன்னு அப்போதான் உறைச்சது.

இப்போ குட்டி யானைக்காரர் ஏன் மாட்டேன்னார்னு பாருங்க. அந்த வண்டித் தொட்டி சுமார் 7 அடிக்கு 5 அடி, உயரம் ஒரு அடி. 35 கன அடி பிடிக்கும். உடைச்ச செங்கல், தளத்தைத் தொட்டி நிறைய போட்டா 1.2, 1.3 டன் வந்துடும். வண்டி தாங்குற எடை முக்கால் டன்தான். அதாவது கண்ணுக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல இருக்கும்போதே வண்டி ஃபுல். "இன்னும் இடம் இருக்கே, போடுங்கண்ணே"ன்னு நம்ம நச்சரிப்போம். 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலா இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அவர் தயங்குறதுல நியாயம் இருக்கு. அதனால சைஸ் கேக்கும்போது "எத்தனை கன அடி"யோட நிறுத்தாதீங்க, "எத்தனை டன் ஏத்துவீங்க"ன்னும் கேளுங்க. மெத்தைக்கும் அலமாரிக்கும் கன அடி பேசும். செங்கலுக்கும் கான்கிரீட்டுக்கும் டன்தான் பேசும்.

டேப், பேப்பர் எல்லாம் வேண்டாம்னா ஒரு நாட்டு வழி இருக்கு. காலி சிமென்ட் சாக்கு. 50 கிலோ சிமென்ட் பிடிக்கிற சாக்கு ஒன்றேகால் கன அடி. 80 சாக்கு நிறைஞ்சா ஒரு யூனிட். முழு வேலையும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 3 அடிக்கு 3 அடி மட்டும் பெயர்க்கச் சொல்லுங்க. வந்ததைச் சாக்குல அள்ளி எண்ணுங்க. எங்க மாடியில அப்படிச் செஞ்சிருந்தா 9 சதுர அடிக்கு மூன்றரை சாக்குக்கு மேல வந்திருக்கும். 600 சதுர அடிக்கு அதை 67ஆல பெருக்கினா 240 சாக்கு, 3 யூனிட். அரை மணி நேர வேலை. மேலோட்டமா பார்த்துச் சொல்ற எந்த மேஸ்திரியோட வாய்க்கணக்கை விடவும் இது நம்பகமானது. கூடவே ஒரு லாபம் உண்டு, தளம் 4 அங்குலம்னு நினைச்சது 6 அங்குலமா இருந்தா அன்னைக்கே தெரிஞ்சுடும். பழைய வீடுகள்ல ஒழுகுதுன்னு தளத்து மேலயே தளம் போட்டு வச்சிருப்பாங்க.

வண்டிக்காரர் "ஒரு லோடு"ன்னு சொன்னா அது அளவே இல்ல. ஒரு லோடுன்னா எத்தனை யூனிட்னு கேளுங்க. டேப்பை எடுத்து டிரெய்லரோட உள் நீளம், அகலம், உயரம் அளங்க. எங்களுக்கு வந்தது 9½ அடிக்கு 5½ அடி, உயரம் 2 அடி. பெருக்கினா 104 கன அடி, நியாயமான ஒரு யூனிட். சிலது பார்க்க அதே மாதிரி இருக்கும், உயரம் ஒன்றரை அடிதான். அதே வாடகைக்குக் கால் பங்கு போச்சு. அளக்குறதுக்குக் கூச்சப்படாதீங்க. ஆயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி.க்கு எக்ஸ்பென்ஸ் ரேஷியோவை ரெண்டாவது டெசிமல் வரைக்கும் பார்க்குறோம், இதைப் பார்க்கக் கூடாதா?

அதே மாதிரி "மொத்தமா இவ்வளவு, எல்லாத்தையும் நானே காலி பண்ணிடறேன்"கிற கான்ட்ராக்டுல எனக்கு நம்பிக்கை இல்ல. கான்ட்ராக்ட்னா அவருக்கு எவ்வளவு பக்கத்துல கொட்டறாரோ அவ்வளவு லாபம். நடைக் கணக்குல பேசுங்க, எங்க கொட்டப் போறார்னும் கேட்டு வச்சுக்கோங்க.

காயல்பட்டினத்து டம்ப்ஸ்டர்

மூணாவது நாள் வந்த டிராக்டர் அண்ணாச்சி ஆறுமுகநேரிக்காரர். மூட்டை, தலைச்சுமை எல்லாத்தையும் பார்த்துட்டுச் சிரிச்சார். "தம்பி, மொதல்லயே சொல்லிருந்தா டிரெய்லர வாசல்ல கழட்டி விட்டுட்டுப் போயிருப்பேனே. நீங்க பாட்டுக்கு மாடில இருந்து தள்ளி ரொப்பி வைக்க வேண்டியது. சாயங்காலம் வந்து மாட்டிக்கிட்டுப் போயிருதேன்."

எனக்குப் பொட்டில அடிச்ச மாதிரி இருந்துச்சு. அமெரிக்காக்காரன் வாசல்ல நிறுத்துற தொட்டி நம்ம ஊர்லயே இருக்கு. சக்கரத்தோட இருக்கு. டிராக்டர் தலை மட்டும் வேற வேலைக்குப் போயிடும், டிரெய்லர் நம்மகிட்ட நிக்கும். தெருவுக்குள்ள வரும், திரும்பும். மாடியில இருந்து தகரத்தைச் சாய்ச்சுக் கட்டி ஒரு சறுக்கு மாதிரி விட்டா இடிபாடு நேரா டிரெய்லருக்குள்ளயே விழும். கீழே கொட்டி, மறுபடி அள்ளி, சாக்குல கட்டி, தலையில ஏத்தின்னு ஒரே பொருளை நாலு தடவை தொட வேண்டாம். கூலி போறதே அந்த நாலு தடவைக்குத்தான். தூசிக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டே தள்ளுங்க, கீழே ஒரு ஆளை நிறுத்துங்க, பிள்ளைங்க அந்தப் பக்கம் வரக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. ரெண்டு சக்கர டிரெய்லரைக் கழட்டி விட்டா முன்னாடி கொக்கிக்குக் கீழே நல்ல முட்டுக் கொடுக்கணும், சக்கரத்துக்குக் கல் வைக்கணும். பின்பக்கமா மட்டும் கனத்தை ஏத்தினா முன்பக்கம் அப்படியே தூக்கிடும். இதையெல்லாம் வண்டிக்காரரே செஞ்சுட்டுப் போகட்டும், நீங்க கை வைக்காதீங்க. நிறுத்துறதுக்கு அரை நாளைக்கு இவ்வளவுன்னு கூடுதலா கேப்பார், கொடுங்க. நாலு கையாள் கூலியோட ஒப்பிட்டா அது ஒண்ணுமே இல்ல.

தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி

இடிபாட்டுல பாதி இடிபாடே இல்லைங்கிறது என் அடுத்த வாதம். பழைய நிலை, கதவு, ஜன்னல் இருந்தா பழைய வீட்டுச் சாமான் வாங்குறவங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க, உடைச்சதுக்கு அப்புறம் இல்ல, உடைக்கிறதுக்கு முன்னாடி. முழுசா கழட்டுன நிலைக்கு ஒரு விலை, பிளந்த நிலைக்கு விறகு விலை. கம்பி, கிரில் பழைய இரும்புக் கடைக்கு. சுண்ணாம்புச் சாந்துல கட்டுன பழைய சுவரா இருந்தா செங்கல் முழுசா கழண்டு வரும், தட்டித் துடைச்சு காம்பவுண்ட் சுவருக்கு வச்சுக்கலாம். சிமென்ட் சாந்துன்னா அந்த ஆசை வேண்டாம், கல்லோட சேர்த்துத்தான் உடையும்.

மீதி இருக்கிற செங்கல், காரை, கான்கிரீட்? உங்க ஊர்ல எங்கேயோ ஒருத்தர் புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுட்டு பேஸ்மென்ட் நிரப்ப கிராவல் மண்ணு காசு கொடுத்து இறக்கிட்டிருப்பார். நீங்க காசு கொடுத்துக் கொட்டுறதும் அவர் காசு கொடுத்து நிரப்புறதும் ஒரே நேரத்துல நடக்கும். நடுவுல போன் நம்பர் ஒண்ணுதான் குறை. பெரிய கட்டியை உடைச்சு, தண்ணி விட்டு, திமிசு போட்டு இடிச்சு நிரப்பணும், இல்லேன்னா அவர் தரை பின்னாடி இறங்கிடும், அதையும் சொல்லிட்டே கொடுங்க. ஆனா ஒரு நிபந்தனை இருக்கு, நம்ம சரக்கு சுத்தமா இருக்கணும். மரத்துண்டு, பிளாஸ்டிக் பைப், பால்ஸ் சீலிங் பலகை, பெயின்ட் டப்பா எல்லாம் கலந்திருந்தா யாரும் வாங்க மாட்டாங்க. பிரிச்சு வைங்கன்னு நான் சொல்றது இந்தக் காசுக்காகத்தான். கூரையில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தா அதை உடைக்கவே உடைக்காதீங்க, தண்ணி அடிச்சு முழுசா இறக்கித் தனியா வைங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சட்டமும் கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. 2016 மார்ச்ல வந்த கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள்படி, இடிபாட்டை உண்டாக்குறவர்தான் அதுக்குப் பொறுப்பு. ரோட்டுலயோ வாய்க்கால்லயோ விடக் கூடாது, நம்ம இடத்துக்குள்ளயே வச்சிருந்து உரிய இடத்துல சேர்க்கணும். ஒரு நாளைக்கு 20 டன் அல்லது ஒரு மாசத்துல 300 டன்னுக்கு மேல போறவங்கதான் முன்கூட்டியே திட்டம் கொடுத்து அனுமதி வாங்கணும்னு அதுல இருந்துச்சு. 2025ல அறிவிச்ச புது விதிகளுக்கு அமல் தேதி 2026 ஏப்ரல் 1, அதுல பெரிய கடமைகள் எல்லாம் 20,000 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் இருக்கிற கட்டடங்களுக்கு. நம்ம வீட்டு பாத்ரூம் அந்தக் கணக்குல வராது. ஆனா கண்ட இடத்துல கொட்டக் கூடாதுங்கிறது நமக்கும் சேர்த்துத்தான். எங்களை மாதிரி கடலோர ஊர்னா இன்னொண்ணும் உண்டு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துல கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரப்பத் தடை. நகராட்சியில ஒரு வார்த்தை கேட்டா எங்க போடலாம்னு சொல்வாங்க. சென்னைக்காரங்களுக்குப் பெருங்குடியிலயும் கொடுங்கையூர்லயும் இடிபாட்டை அரைச்சு மறுபடி பயன்படுத்துற ஆலையே இருக்கு.

டிப்பர் டிரைவர்கிட்ட நான் எங்க கொட்டுவீங்கன்னு கேக்கவே இல்லைங்கிறதை ஒத்துக்கணும். எங்கேயோ ஒரு ஓடைக் கரையிலயோ பள்ளத்துலயோ கிடக்கும். 95 சென்டிமீட்டர் மழையில தண்ணி போக வழியில்லாமத்தான் எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு. அந்த வெள்ளத்தால பெயர்த்த தளத்தையே இன்னொரு தண்ணிப் பாதையில போட்டு அடைச்சிருப்போமோன்னு நினைச்சா எனக்கே கூசுது.

லோன் எடுக்குறவங்களுக்கு ஒரு வரி. இந்தச் செலவு வேலை ஆரம்பிச்ச முதல் வாரத்துலயே, கையில காசா கேக்கும். டைல்ஸ் கடைக்கு கார்டு தேய்க்கலாம், டிராக்டர் அண்ணாச்சிக்கு ஜிபே இல்லேன்னா நோட்டு. அதனால மெட்டீரியலுக்கு வச்ச பணத்துல இருந்து எடுத்துட்டு, மூணாவது வாரம் சிமென்ட்டுக்கு கிரெடிட் கார்டுக்கு ஓடுவோம். அப்படி ஓடினவன் சொல்றேன். உடைக்கிற வேலை இருக்குற எந்த பட்ஜெட்லயும் இதைத் தனி வரியா, யூனிட் கணக்கோட போடுங்க, அந்த 10 சதவீதத்துக்குள்ள ஒளிக்காதீங்க. இன்னொண்ணு, பழைய வரி முறையில ரிப்பேர் லோன் வட்டிக்கு வருஷம் 30,000 ரூபாய் வரைக்கும் கழிவு உண்டு, ஆனா வீடு உங்க பேர்ல இருக்கணும். எங்க ஊர்ல வீடு லாத்தா பேர்ல, ஈ.எம்.ஐ. தம்பி பேர்ல. எனக்கு அந்தக் கழிவு கிடைக்காது. யாருக்காவது இந்தக் கதை பொருந்துச்சுன்னா வருத்தப்படாதீங்க, நான் கம்பெனி கொடுக்கிறேன்.

அதே வருஷம் ஆகஸ்ட்ல ரெண்டு பாத்ரூம் டைல்ஸ் மாத்தினோம். இந்தத் தடவை கணக்கு போட்டுட்டுத்தான் சுத்தியலைத் தொட்டோம். 6 அடிக்கு 5 அடி பாத்ரூம், சுவர் டைல்ஸ் 7 அடி உயரம். பூச்சோட சேர்த்து சுவர்ல ஒரு அங்குலம், தரையில மூணு அங்குலம். ஒரு பாத்ரூமுக்கு 19 கன அடி, ரெண்டுக்கு 38, உடைச்சா 57. கனம் 2 டன்னுக்கு மேல. குட்டி யானைன்னா மூணு நடை. டிரெய்லர்ல ஒரே நடை, பாதி இடம் மிச்சம். எதிர் வீட்டுல சன்ஷேட் ஒண்ணு உடைஞ்சு கொல்லையில கிடந்துச்சு, அதையும் பழைய துவைக்கிற கல்லையும் மிச்ச இடத்துல ஏத்திக்கிட்டாங்க, 500 ரூபாய் கொடுத்தாங்க. மச்சான் ஒருத்தர் ஆறுமுகநேரிப் பக்கம் வீடு கட்டிட்டிருந்தார், பேஸ்மென்ட் நிரப்ப அவரே எடுத்துக்கிட்டு வாடகையில 700 போட்டார். நடை வாடகை 1,800ல என் கையில இருந்து போனது 600. முடுக்குல ஒரு கல்லு விழல.

பழைய வெஸ்டர்ன் கோப்பை ஒண்ணை மட்டும் மச்சான் தன் வீட்டு அஸ்திவாரத்துல போட மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னுட்டார். அது இன்னும் கொல்லையிலதான் இருக்கு. லாத்தா அதுல கற்றாழை நட்டு வச்சிருக்காங்க.